சுரண்டல் திரைப்படங்களில் இனவெறியும் பழிவாங்கலும்

எக்ஸ்ப்ளாய்டேசன் படங்கள் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் சுரண்டல் திரைப்படங்களில் பழிவாங்கும் கதைகள் ஒரு முக்கியமான வகை. 1970-களில் அமெரிக்காவில் இவ்வகைப் படங்கள் பெருகின. இவற்றுள் ஒரு பிரிவு, கறுப்பின மக்கள் மீதான இனவெறியைக் கதையின் மையமாகக் கொண்டது. வெள்ளை இனவெறியர் கறுப்பினத்தவரை அவமதிப்பர், துன்புறுத்துவர். இறுதியில் துன்புற்றவர் திருப்பித் தாக்குவார். இப்படங்கள் இனவெறியை எதிர்க்கின்றனவா, இனவெறிக் காட்சிகளை விற்பனைப் பொருளாக்குகின்றனவா என்ற விவாதம் ஐம்பது ஆண்டுகளாக நீடிக்கிறது. இக்கட்டுரை 'ஃபைட் ஃபார் யுவர் லைஃப்' (1977) என்ற படத்தை மையமாகக் கொண்டு, 'குட்பை அங்கிள் டாம்' (1971), 'காஃபி' (1973), 'ஃபாக்ஸி பிரவுன்' (1974), 'ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பேடாஸ் சாங்' (1971) ஆகிய படங்களுடன் ஒப்பிட்டு இக்கேள்வியை ஆராய்கிறது.

இப்படங்களின் உரையாடல்களில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொற்கள் மிகுதி. அவற்றைத் திரும்ப எழுதாமலே அவற்றின் பயன்பாட்டை விளக்க முடியும் என்பதால் அச்சொற்கள் இங்கு இடம்பெறவில்லை.

சொல்லும் பொருளும்

சுரண்டல் திரைப்படம் என்ற பெயரில் உள்ள சுரண்டல், கதையில் வரும் சுரண்டலை மட்டும் குறிப்பதன்று. அந்தந்தக் காலத்தில் மக்களிடையே பரபரப்பாகப் பேசப்படும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைக் காட்டுவதாக விளம்பரம் செய்து, குறைந்த செலவில் படம் எடுத்துப் பணம் ஈட்டும் வணிக முறையை அது குறிக்கிறது. போதைப்பொருள், பாலுறவு, இளைஞர் குற்றங்கள், மோட்டார் சைக்கிள் கும்பல்கள் ஆகியவை இவ்வாறு பயன்பட்டன. இனமும் அவ்வாறே பயன்பட்டது.

இப்படங்களில் பெரிய நடிகர்கள் இல்லை. பெரிய அரங்க அமைப்புகளும் இல்லை. எனவே வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சியைக் காட்டுவோம் என்ற உறுதிமொழியே அவற்றின் மூலதனம். அந்த உறுதிமொழியைச் சுவரொட்டியும் முன்னோட்டமும் அளித்தன. நகர்ப்புறங்களின் மலிவுக் கட்டணத் திரையரங்குகளும், காரில் அமர்ந்தபடி படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளும் இவற்றின் சந்தை. நியூயார்க்கின் 42-ஆம் தெருவில் இத்தகைய அரங்குகள் வரிசையாக இருந்தன.

அதிர்ச்சி இவ்வணிகத்தின் சரக்கு. அதற்கு ஓர் இயல்பு உண்டு. ஒருமுறை பார்த்த அதிர்ச்சி மறுமுறை அதிர்ச்சியாக இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு படமும் முந்தைய படத்தைவிட ஒரு படி மேலே போக வேண்டியிருந்தது. இனவெறி அதிர்ச்சிக்குரிய பொருளானபோது, அடுத்தடுத்த படங்களில் இனவெறிக் காட்சிகளின் அளவு கூடியதற்கு இந்த வணிக நெருக்கடியும் ஒரு காரணம்.

வரலாற்றுப் பின்னணி

இனவன்முறை அமெரிக்காவில் திரைப்படத்துக்கு முன்பே காட்சிப் பொருளாகியிருந்தது. டஸ்கீகி நிறுவனத்தின் கணக்கின்படி 1882 முதல் 1968 வரை 4,743 பேர் கும்பல்களால் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். சில கொலைகளைக் காண ஆயிரக்கணக்கானோர் குடும்பத்துடன் கூடினர். தூக்கிலிடப்பட்ட உடல்களின் ஒளிப்படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சிடப்பட்டு விற்கப்பட்டன. துன்பத்தைப் படமாக்கி விற்பது இந்நாட்டில் புதிய தொழில் அன்று.

1915-ல் டி.டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வெளிவந்தது. தாமஸ் டிக்சன் எழுதிய 'தி கிளான்ஸ்மேன்' (1905) நாவலை ஒட்டியது. அதில் கஸ் என்ற கறுப்பினப் பாத்திரத்தை வால்டர் லாங் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசி நடித்தார். கஸ் துரத்தியதால் ஒரு வெள்ளைப் பெண் பாறையிலிருந்து குதித்து இறக்கிறாள். கூ கிளக்ஸ் கிளான் அமைப்பினர் கஸ்ஸைக் கொன்று பழிதீர்க்கின்றனர். படத்தின் இறுதிப்பகுதியில் ஒரு சிறு குடிலுக்குள் சிக்கிய வெள்ளையரைக் கறுப்பினப் படையினர் முற்றுகையிடுகின்றனர். கிளான் குதிரைவீரர்கள் விரைந்து வந்து மீட்கின்றனர். தேசியக் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் இப்படத்தை எதிர்த்துப் போராடியது. அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மலையில் வில்லியம் சிம்மன்ஸ் தலைமையில் கிளான் அமைப்பு மீண்டும் தொடங்கப்பட்டது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். முற்றுகையிடப்பட்ட வீடு, அதற்குள் அஞ்சி நிற்கும் குடும்பம், பெண்ணின் மானத்துக்கு நேரும் ஆபத்து, இறுதியில் பார்வையாளர் ஆவலுடன் எதிர்பார்க்கும் பதிலடி ஆகிய நான்கும் அமெரிக்கப் பழிவாங்கல் படத்தின் அடிப்படை உறுப்புகள். இவை நான்கும் 1915-லேயே ஒரு வெளிப்படையான இனவெறிப் படத்தில் முழுமையாக அமைந்துவிட்டன. பின்வந்த படங்கள் பாத்திரங்களின் நிறத்தை மாற்றின, உறுப்புகளை மாற்றவில்லை.

1930-களிலிருந்து நடைமுறையில் இருந்த ஹாலிவுட்டின் தணிக்கை விதித்தொகுப்பு வன்முறையையும் பாலுறவையும் கட்டுப்படுத்தியது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டுவதற்கும் நீண்டகாலம் தடை இருந்தது. 1968 நவம்பரில் அவ்விதித்தொகுப்பு விலக்கப்பட்டு, வயதுவாரியான தரமுறை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டிருந்தார். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் மூண்டிருந்தது. தடை நீங்கிய திரையும், ஆறாத சினமும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. அச்சினத்துக்குச் சந்தை மதிப்பு உண்டு என்பதைச் சிறு தயாரிப்பாளர்கள் விரைவில் கண்டுகொண்டனர்.

கதைச் சட்டகம்

1970-களின் பழிவாங்கல் படங்களுக்கு வடிவம் தந்தவற்றுள் வெஸ் கிரேவன் இயக்கிய 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்' (1972) முக்கியமானது. இது இங்மார் பெர்க்மனின் 'தி வர்ஜின் ஸ்பிரிங்' (1960) படத்தின் கதையைத் தழுவியது. பெர்க்மன் படத்துக்கு மூலம் ஒரு பழைய ஸ்வீடிஷ் கதைப்பாடல்.

இரு படங்களிலும் மகளைச் சீரழித்துக் கொன்றவர்கள், அறியாமல் அவளுடைய பெற்றோரின் வீட்டிலேயே தங்குகின்றனர். பெற்றோர் உண்மையறிந்து அவர்களைக் கொல்கின்றனர். பெர்க்மனின் படத்தில் தந்தை பழிதீர்த்தபின் தன் கைகளைப் பார்த்து நடுங்குகிறார். கடவுளிடம் கேள்வி கேட்கிறார். அதே இடத்தில் தேவாலயம் கட்டுவதாக உறுதியளிக்கிறார். பழிக்குப் பிறகு என்ன என்ற வினா அங்கு எழுகிறது. கிரேவனின் படம் பெற்றோர் குருதி படிந்து திகைத்து நிற்பதோடு முடிகிறது. பின்வந்த பல படங்கள் அத்திகைப்பையும் விட்டுவிட்டன. பழி முடிந்ததும் படமும் முடிந்தது.

இச்சட்டகத்தில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, பாதிக்கப்படுவோரின் அறிமுகம். இரண்டாவது, அவமதிப்பும் வன்முறையும். மூன்றாவது, பதிலடி. இவற்றில் இரண்டாம் பகுதியே மிக நீளமானது. பதிலடி விரைந்து முடிந்துவிடும். படம் அளிக்கும் விளக்கம், இறுதி நீதியை உணர்வதற்கு முந்தைய கொடுமையைக் காண வேண்டும் என்பது. திரையில் செலவாகும் நேரமோ கொடுமையின் பக்கம் சாய்ந்திருக்கிறது. பதிலடி இருக்கிறது என்பதால் கொடுமையை விரிவாகக் காட்டலாம் என்ற அனுமதி கிடைக்கிறது. இனவெறியைக் காட்டும் படங்களில் இந்தக் கணக்கு மிகக் கூர்மையாகத் தெரியும்.

ஃபைட் ஃபார் யுவர் லைஃப்

ராபர்ட் எண்டெல்சன் இயக்கத்தில் 1977-ல் வெளிவந்த படம். ஸ்ட்ரா வைஸ்மன் திரைக்கதை எழுதினார். ஜெஸ்ஸி லீ கேன் என்ற வெள்ளை இனவெறியனாக வில்லியம் சாண்டர்சன் நடித்தார். இவர் பின்னாளில் 'பிளேட் ரன்னர்' (1982) படத்தில் நடித்துப் புகழ்பெற்றார். டெட் டர்னர் என்ற கறுப்பினப் போதகராக ராபர்ட் ஜட் நடித்தார். 'ஐ ஹேட் யுவர் கட்ஸ்' உள்ளிட்ட வேறு தலைப்புகளிலும் இப்படம் திரையிடப்பட்டது.

கேன், சிறையிலிருந்து தப்பிய கைதி. அவனுடன் மெக்சிக்க மரபினனான சீனோவும் ஆசிய மரபினனான லிங்கும் தப்புகின்றனர். கனடா எல்லையை நோக்கிச் செல்லும் வழியில் போதகரின் வீட்டுக்குள் நுழைந்து அவருடைய குடும்பத்தைப் பிணை பிடிக்கின்றனர். கேன் குடும்பத்தினரை இடைவிடாமல் இழித்துப் பேசுகிறான். போதகரைத் தன்முன் பணிந்து நடிக்கச் செய்கிறான். அவருடைய விவிலியத்தாலேயே அவரை அடிக்கிறான். மகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். வன்முறையைத் தவிர்க்க வேண்டும் என்று போதித்த போதகர் இறுதியில் ஆயுதம் ஏந்துகிறார். குடும்பம் பழிதீர்க்கிறது.

இப்படத்துக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கவை மூன்று உண்டு. ஒன்று, முற்றுகையிடப்பட்ட வீட்டின் பழைய காட்சியை இப்படம் தலைகீழாக்கியது. கிரிஃபித் வெள்ளையரை உள்ளே வைத்தார். இங்கு உள்ளே இருப்பது கறுப்பினக் குடும்பம். அவர்கள் நடுத்தர வாழ்க்கை வாழும் மரியாதைக்குரிய மனிதர்கள். இரண்டு, அவர்கள் வாய் மூடி அழுபவர்கள் அல்லர். சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டி, கேனின் ஒவ்வொரு பேச்சுக்கும் கூர்மையான பதில் கொடுக்கிறார். படத்தில் உண்மையான உயிர் உள்ள பாத்திரம் அவர். அவர் பேசும்போது அச்சுறுத்தல் இடம் மாறுகிறது. கேன் சிறுத்துப் போகிறான். மூன்று, கேனிடம் எந்தக் கவர்ச்சியும் இல்லை. அவன் சொற்களை ஒப்புக்கொள்ளும்படி படம் எங்கும் கேட்கவில்லை.

இம்மூன்றையும் ஏற்றுக்கொண்ட பின்பும் கேள்வி தீரவில்லை. படத்தில் அதிகம் பேசுபவன் கேன். புதிய புதிய வசைகளைக் கண்டுபிடிப்பதில் திரைக்கதை செலவிட்ட உழைப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. போதகரின் மனைவி, மகள், மகன் ஆகியோரின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அறிய அதே அளவு உழைப்பு செலவாகவில்லை. போதகர் ஒரு நம்பிக்கையில் வாழ்ந்தவர். அந்நம்பிக்கை உடையும் தருணம் இக்கதையின் இதயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அது பழிக்காட்சிக்குச் செல்லும் படிக்கட்டாக மட்டும் அமைகிறது. பாட்டியைத் தவிர மற்றவர்கள் அவமதிப்பைத் தாங்குவதற்காகவே கதையில் வைக்கப்பட்டுள்ளனர்.

மேலும் ஒரு முரண் உண்டு. கேனின் கூட்டாளிகள் இருவரும் வெள்ளையர் அல்லர். கேன் அவர்களையும் இகழ்கிறான். இதன் வழியாக இனவெறியின் அபத்தத்தைப் படம் காட்ட முயன்றிருக்கலாம். ஆனால் சீனோவையும் லிங்கையும் படமே மெக்சிக்கர் பற்றியும் ஆசியர் பற்றியும் வழக்கில் இருந்த வார்ப்புகளுக்குள் அடைக்கிறது. இனவெறியனைக் கண்டிக்கும் படம், தன் கண்ணோட்டத்தில் உள்ள இனப்பார்வையைக் கவனிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இனவெறி இப்படத்தில் ஒரு மனிதனின் குணமாக மட்டும் இருக்கிறது. கேன் தெற்கத்திய உச்சரிப்புடன் பேசும் ஏழைக் குற்றவாளி. அவனைக் கண்டு முகம் சுளிக்கும் பார்வையாளர், தன்னிடம் அத்தகைய எதுவும் இல்லை என்று நிம்மதி கொள்ளலாம். வீடு வாங்கக் கடன் மறுக்கும் வங்கி, பிரித்துவைக்கப்பட்ட பள்ளி, கறுப்பின இளைஞரை மட்டும் நிறுத்திச் சோதிக்கும் காவல்துறை ஆகியவை படத்தில் இல்லை. கேன் இறந்ததும் இனவெறியும் இறந்துவிடுகிறது. பழிவாங்கல் கதை ஒரு சமூக நோயை ஒரு தனி மனிதனின் உடலுக்குள் அடைத்து, அவ்வுடலை அழித்துக் கணக்கை முடிக்கிறது. கைதட்டி வெளியே வரும் பார்வையாளர் சந்திக்கும் உலகில் அக்கணக்கு முடியவில்லை.

குட்பை அங்கிள் டாம்

இத்தாலிய இயக்குநர்களான குவால்டியேரோ ஜாகோபெட்டியும் பிராங்கோ புரோஸ்பெரியும் 1971-ல் எடுத்த படம். இவர்களுடைய முந்தைய படமான 'ஆப்பிரிக்கா அடியோ' (1966) இனவெறிப் படம் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அதற்கு மறுமொழியாக அமெரிக்க அடிமை முறையின் கொடுமையைக் காட்டுவதாகக் கூறி இப்படத்தை எடுத்தனர். இரு ஆவணப்பட இயக்குநர்கள் காலத்தில் பின்னோக்கிச் சென்று அடிமைப் பண்ணைகளைப் படம்பிடிப்பதாகக் கதை.

படத்தின் பெரும்பகுதி ஹெய்ட்டி நாட்டில் எடுக்கப்பட்டது. அந்நாட்டின் சர்வாதிகாரி பிரான்சுவா டுவாலியே முழு ஒத்துழைப்பு அளித்தார். அடிமைகளாக நடித்தவர்கள் அந்நாட்டு ஏழை மக்கள். நூற்றுக்கணக்கானோர் ஆடையின்றியும் சங்கிலியிட்டும் கேமராவின் முன் நிறுத்தப்பட்டனர். குழந்தைகளும் அவர்களில் இருந்தனர்.

ஹெய்ட்டி, அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-ல் விடுதலை பெற்ற நாடு. அம்மக்களின் வழித்தோன்றல்களையே, எதிர்த்துப் பேசும் உரிமை இல்லாத ஓர் ஆட்சியின் கீழ், மீண்டும் அடிமைகளாக நடிக்க வைத்தனர். திரையில் காட்டப்படும் இழிவு நடிப்பாக இருக்கலாம். ஆனால் நடித்தவர்களின் நிர்வாணம் நடிப்பன்று. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1972-ல் இப்படத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அடிமை முறை இருந்தது துயரம் என்றால், சில டாலர்களுக்காகக் கறுப்பின நடிகர்களை அதை மீண்டும் நடிக்க வைத்ததும் துயரமே என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

படத்தின் இறுதியில் காட்சி நிகழ்காலத்துக்கு வருகிறது. கடற்கரையில் அமர்ந்திருக்கும் ஒரு கறுப்பின மனிதர், நாட் டர்னர் பற்றி வில்லியம் ஸ்டைரன் எழுதிய நாவலைப் படிக்கிறார். நாட் டர்னர் 1831-ல் வர்ஜீனியாவில் அடிமைகளின் எழுச்சியை நடத்தியவர். படிப்பவர் தன்னைச் சுற்றியுள்ள வெள்ளையரைக் கொல்வதாகக் கற்பனை செய்கிறார். இதுவே படத்தின் பழிப் பகுதி.

ஆனால் இது யாருடைய கற்பனை என்று கேட்க வேண்டும். நாவலை எழுதியவர் வெள்ளையர். 1967-ல் வெளிவந்த அந்நாவலுக்கு எதிராக அடுத்த ஆண்டே பத்துக் கறுப்பின எழுத்தாளர்கள் எழுதிய மறுப்புகள் நூலாக வந்தன. அந்த நாவலைக் கையில் ஏந்திக் கொலைக் கனவு காணும் மனிதரைப் படைத்தவர்கள் இத்தாலிய வெள்ளை இயக்குநர்கள். அவருக்குப் பெயரும் குடும்பமும் தொழிலும் தரப்படவில்லை. இரண்டு மணி நேரம் கறுப்பின உடல்களை இழிவாகக் காட்டிய படம், இறுதியில் வெள்ளைப் பார்வையாளரின் பழைய அச்சத்தைக் கறுப்பின மனிதரின் ஆசையாக மாற்றிக் காட்டுகிறது. பழி இங்கு விடுதலையாகவில்லை. மேலும் ஓர் அதிர்ச்சிக் காட்சியாக முடிகிறது.

பாம் கிரியர் நடித்த படங்கள்

ஜாக் ஹில் எழுதி இயக்கிய 'காஃபி', 'ஃபாக்ஸி பிரவுன்' ஆகிய படங்களை அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம் தயாரித்தது. இரண்டிலும் பாம் கிரியர் நாயகி. இயக்குநர் வெள்ளையர். இவையும் அதிர்ச்சியை நம்பிய படங்களே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு.

'காஃபி'யின் நாயகி ஒரு செவிலி. அவளுடைய தங்கை போதைப்பொருளால் சீரழிந்தவள். காஃபி அவ்வணிகத்தில் உள்ளவர்களைத் தேடித்தேடிக் கொல்கிறாள். அவளுடைய எதிரிகள் ஒரே நிறத்தவர் அல்லர். வெள்ளைக் குற்றத்தலைவன், ஊழல் காவலர், அவள் நேசித்த கறுப்பின அரசியல்வாதி ஆகிய எல்லோரும் ஒரே வலையில் இருக்கின்றனர். இனவெறி இங்கு ஒருவனின் வசைச்சொல்லாக மட்டும் இல்லை. கறுப்பினக் குடியிருப்புகளில் போதைப்பொருளை விற்று ஆதாயம் காணும் ஓர் ஏற்பாடாக இருக்கிறது.

இப்படத்தில் கிங் ஜார்ஜ் என்ற கறுப்பின வணிகனை வெள்ளை அடியாட்கள் கழுத்தில் சுருக்கிட்டுக் காரில் கட்டி இழுத்துக் கொல்கின்றனர். கும்பல் கொலைகளின் நினைவை நேரடியாக எழுப்பும் காட்சி இது. படம் அந்நினைவைப் பயன்படுத்துகிறது, ஆனால் அதன்முன் நின்று சிந்திக்கவில்லை. காட்சி வேகமாகக் கடந்துபோகிறது. வரலாற்றின் மிகப்பெரிய காயம் ஒரு சண்டைக்காட்சியின் பரபரப்பாகச் சுருங்குகிறது. 'காஃபி'யின் குறை இது.

'ஃபாக்ஸி பிரவுன்' படத்தில் நாயகியை ஒரு பண்ணை வீட்டில் அடைத்து இனவெறியர் இருவர் வதைக்கின்றனர். அவள் அவர்களைத் தீயிட்டுத் தப்புகிறாள். பிறகு தன் பகுதிக் கறுப்பினக் குழுவிடம் உதவி கேட்கிறாள். நீ கேட்பது நீதி அன்று, பழி அல்லவா என்று குழுவில் ஒருவர் வினவுகிறார். நீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பழியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். இவ்வகைப் படங்களில் அரிதாகக் கிடைக்கும் தெளிவு இது. பழியும் நீதியும் ஒன்றல்ல என்பதை ஒரு சுரண்டல் படமே ஒரு வரியில் ஒப்புக்கொள்கிறது. அடுத்த காட்சியில் படம் பழியின் பின்னேதான் செல்கிறது. எனினும் அக்கேள்வி கேட்கப்பட்டுவிட்டது.

கிரியரின் பாத்திரங்களுக்கு விருப்பமும் திட்டமும் நகைச்சுவையும் கோபமும் உண்டு. வதைக்கப்படும் காட்சிகளில்கூட அடுத்து என்ன செய்வாள் என்று பார்வையாளர் அவளைக் கவனிக்கின்றனர். டர்னர் குடும்பத்தில் பாட்டிக்கு மட்டும் கிடைத்த அந்த இடம் இங்கு நாயகிக்கு முழுமையாகக் கிடைக்கிறது. அதே வேளையில் அவளுடைய உடலைக் காட்சிப்படுத்துவதில் இப்படங்கள் எந்தத் தயக்கமும் கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பேடாஸ் சாங்

மெல்வின் வான் பீபிள்ஸ் எழுதி, இயக்கி, நடித்து 1971-ல் வெளியிட்ட படம். இயக்குநர் கறுப்பினத்தவர். கறுப்பின இளைஞர் ஒருவரை அடிக்கும் காவலர்களை நாயகன் தாக்கிவிட்டுத் தப்பி ஓடுகிறான். ஓட்டமே படம். முதலில் டெட்ராய்ட், அட்லாண்டா ஆகிய இரு நகரங்களில் மட்டும் வெளியாகி, பின்னர் ஒரு கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது.

இப்படத்தில் எதிரி ஒரு தனிமனிதன் அல்லன், காவல்துறை. நாயகன் இறுதியில் கொல்லப்படவில்லை. அவன் திரும்பி வருவான் என்ற எச்சரிக்கையுடன் படம் முடிகிறது. கறுப்பு சிறுத்தைகள் கட்சியின் தலைவர் ஹியூயி நியூட்டன் இதைப் புரட்சிப் படம் என்று பாராட்டினார். 'எபனி' இதழில் லெரோன் பென்னெட் இதைக் கடுமையாக மறுத்தார். வறுமையையும் பாலுறவையும் விடுதலை என்று இப்படம் காட்டுகிறது என்பது அவருடைய வாதம்.

இவ்விவாதம் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டுகிறது. இயக்குநரின் நிறம் மட்டும் ஒரு படத்தை நியாயப்படுத்துவதில்லை. வான் பீபிள்ஸின் படத்திலும் பெண்கள் நடத்தப்படும் விதம் கண்டனத்துக்குரியது. ஆனால் யாருக்காக, யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதில் அப்படத்துக்குக் குழப்பம் இல்லை.

எதிர்ப்பும் தடையும்

கறுப்பினச் சுரண்டல் படங்களைக் குறிக்கும் பிளாக்ஸ்ப்ளாய்டேசன் என்ற சொல் 1972-ல் பரவியது. தேசியக் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் ஹாலிவுட் கிளைத் தலைவராக இருந்த ஜூனியஸ் கிரிஃபின் இச்சொல்லை உருவாக்கியவர் என்று அறியப்படுகிறார். 'சூப்பர் ஃபிளை' (1972) படத்தை ஒட்டி எழுந்த எதிர்ப்பில் உரிமை இயக்கங்கள் சில ஒன்றுசேர்ந்து கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. அவர்கள் கேட்டது தடை மட்டுமன்று. கறுப்பினப் பாத்திரங்களுக்குப் பல்வகை வாழ்வும், கறுப்பினக் கலைஞர்களுக்குத் திரைக்குப் பின்னும் வேலையும் கேட்டனர்.

பிரிட்டனில் நிலைமை வேறாக இருந்தது. 'ஃபைட் ஃபார் யுவர் லைஃப்' படத்துக்கு 1981-ல் திரையரங்கச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. 1980-களில் ஒளிநாடாக்கள் பரவியபோது, வழக்குத் தொடரத்தக்க படங்கள் என அரசு வழக்குரைஞர் அலுவலகம் தயாரித்த பட்டியலில் இப்படமும் இடம்பெற்றது. அப்பட்டியலின் பெரும்பாலான படங்கள் குருதிக்காகவும் பாலியல் வன்முறைக்காகவும் சேர்க்கப்பட்டவை. இப்படம் முதன்மையாக அதன் இனவெறிப் பேச்சுக்காகப் பெயர்பெற்றது.

தடை, சொற்களைக் கண்டு அஞ்சியது. ஆனால் இப்படங்களின் உண்மையான சிக்கல் சொற்களில் மட்டும் இல்லை. வசைச்சொல்லை நீக்கிவிட்டாலும் நேரக் கணக்கு மாறாது. தடை மற்றொன்றையும் செய்தது. தடைசெய்யப்பட்ட படம் என்ற பெயரே பிற்காலத்தில் சேகரிப்பாளர்களிடையே விளம்பரமாகிவிட்டது. அதிர்ச்சியை விற்கும் படத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

பிற்காலத் தாக்கம்

குவெண்டின் டாரண்டினோ இப்படங்களைப் போற்றுபவர். 'ஜாக்கி பிரவுன்' (1997) படத்தில் பாம் கிரியரை நாயகியாக்கினார். 'ஜாங்கோ அன்செயின்ட்' (2012) அடிமை முறைக் காலத்துப் பழிவாங்கல் கதை. தன் முன்னோர் பட்ட துயரம் இத்தாலிய மேற்கத்தியப் படம் அன்று எனக் கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீ அப்படத்தைப் பார்க்க மறுத்தார். 1970-களின் விவாதமே புதிய உடையில் மீண்டது.

ஜோர்டன் பீல் இயக்கிய 'கெட் அவுட்' (2017) வேறு வழியைக் காட்டியது. அதில் வரும் வெள்ளையர் நாகரிகமாகப் பேசுபவர்கள். ஒரு வசையும் இன்றி இனவெறியின் கொடூரம் வெளிப்படுகிறது. இறுதியில் நாயகன் பதிலடி கொடுத்து முடித்த வேளையில் காவல் வாகனத்தின் விளக்கு தெரிகிறது. பார்வையாளர் நடுங்குகின்றனர். ஏனெனில் வருபவர் யாரை நம்புவார் என்று அவர்களுக்குத் தெரியும். தனிமனிதரைக் கொல்வதால் முடியாத ஒன்று வெளியே காத்திருக்கிறது என்பதை அந்த ஒரு விளக்கு சொல்லிவிடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த கேனின் வசைகள் அனைத்தும் சேர்ந்து சொல்லாதது அது.

மதிப்பீடு

இனவெறியைக் காட்டுவதாலேயே ஒரு படம் இனவெறிப் படம் ஆகிவிடாது. இனவெறியன் இறுதியில் கொல்லப்படுவதாலேயே அது இனவெறி எதிர்ப்புப் படமும் ஆகிவிடாது. இத்தகைய படங்களை மதிப்பிட மூன்று கேள்விகள் உதவும். திரையின் நேரம் யாருக்குச் செலவாகிறது? துன்புறுபவர் துன்பத்துக்கு வெளியிலும் ஒரு மனிதராக அறியப்படுகிறாரா? எதிரி இறந்தபின் அவரை உருவாக்கிய ஏற்பாடு படத்தின் நினைவில் இருக்கிறதா?

'குட்பை அங்கிள் டாம்' இம்மூன்றிலும் தோற்கிறது. நடித்த மக்களுக்கே அது இழைத்த தீங்கு எந்தக் கலை நோக்கத்தாலும் ஈடுசெய்ய முடியாதது. 'ஃபைட் ஃபார் யுவர் லைஃப்' பாட்டியின் பாத்திரத்தால் இரண்டாம் கேள்விக்குப் பாதி விடை தருகிறது, மற்றவற்றில் தோற்கிறது. 'காஃபி'யும் 'ஃபாக்ஸி பிரவுன்'னும் இரண்டாம் கேள்வியில் வென்று, மூன்றாம் கேள்வியைத் தொட்டு நிற்கின்றன. 'ஸ்வீட்பேக்' மூன்றாம் கேள்விக்கு நேராக விடை சொல்கிறது. ஆனால் பெண் பாத்திரங்களைப் பொறுத்தவரை இரண்டாம் கேள்வியில் தவறுகிறது.

இப்படங்களை மறைத்துவைப்பதால் பயன் இல்லை. உரிமைச் சட்டங்கள் இயற்றப்பட்ட பிறகும் தீராத சினம் ஒரு நாட்டில் எவ்வாறு வணிகமானது என்பதற்கு இவை சான்றுகள். இவற்றைப் பார்க்கும் மாணவர் பழிக்காட்சியில் எழும் கைதட்டலை மட்டும் கொண்டு படத்தை எடைபோடக் கூடாது. அக்கைதட்டலுக்கு முன் எவ்வளவு நேரம், எதைப் பார்ப்பதற்காக நாம் இருக்கையில் அமர்த்தப்பட்டோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நுழைவுச்சீட்டு அந்த நேரத்துக்காகவே விற்கப்பட்டது.